மாத்திரை ஸ்டாப்பு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மெடிக்கல் ரூமில் நான் நர்ஸ். சேர்ந்து பதினொரு வருஷம் ஆகிறது. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் விரல் நசுங்கியவர்கள், வயிறு வலிப்பவர்கள், ஓவர்டைமுக்குப் பயந்து தலைவலி என்று கட்டிலில் வந்து விழுகிறவர்கள் எல்லோருக்கும் நான்தான். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் நான் சிஸ்டர்.

கொரோனாவுக்குப் பிறகு நம் ஜனங்கள் எல்லோரும் பாதி டாக்டர் ஆகிவிட்டார்கள். மீதிப் பாதிக்கு வாட்ஸப் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் வந்தபோது முதல் வாரம் யாரும் அதை மதிக்கவில்லை. "சீசன் காச்சல் சிஸ்டர், மழ வுட்டா அதுவும் வுட்டுடும்" என்றார்கள். இரண்டாவது வாரம் ஒரே நாளில் வெல்டிங் லைனில் பாதி ஆள் வரவில்லை. அதற்கப்புறம் அளவுக்கு மீறி மதித்தார்கள். கேன்டீனில் டீக்குப் பக்கத்தில் நிலவேம்புக் கஷாயம் வைத்தார்கள். கஷாயத்தைக் குடித்துவிட்டு, கசப்பு போக அதே டம்ளரில் டீயை வாங்கி, அந்த டம்ளரை அடுத்தவனிடம் நீட்டினார்கள். ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் மாஸ்க்குக்கு உள்ளே தைலத்தை அப்பிக்கொண்டு கண்ணெரிச்சலோடு என்னிடம் வந்தார். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள், பெரும்பாலும் தாடைக்கு.

"ஊசி போடுங்க சிஸ்டர்" என்பதுதான் அந்த மாதம் நான் அதிகம் கேட்ட வாக்கியம். இதற்கு ஊசி வேண்டாம், படுத்து ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொன்னால் ஏதோ நான் மருந்தை ஒளித்துவைத்துக்கொண்டு ஏமாற்றுகிற மாதிரி பார்ப்பார்கள். நேராக ஊருக்குப் போய் மெடிக்கல் ஷாப்பில் மூன்று நிறத்தில் மாத்திரை கலந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் வந்து, "பாத்தியா, அவன் குடுத்தான் செட் ஆயிடுச்சி" என்று என் காதில் விழும்படி பேசுவார்கள். பேசட்டும். எனக்கும் சலித்துவிட்டது. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்றுதான் ஊதிக்கொண்டிருந்தேன்.

நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. கேட்டில் எல்லோருக்கும் சூடு பார்க்க வேண்டும், நூறுக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்ப வேண்டும். கொரோனா காலத்து வெப்பமானித் துப்பாக்கியை ஸ்டோரிலிருந்து எடுத்து, தூசி தட்டி, பேட்டரி மாற்றி என் கையில் கொடுத்தார்கள். "நெத்தில வெக்காதீங்க சிஸ்டர், மூளைக்கு ஆவாது" என்று மணிக்கட்டை நீட்டுகிறவர்களோடு காலையிலேயே மல்லுக்கு நிற்க வேண்டும். திருப்பி அனுப்பினால் அன்றைக்கு ஆப்சென்ட். கம்பெனி ஆட்களுக்காவது லீவு இருக்கிறது, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதுவும் கிடையாது. 'பாதுகாப்பே முதல்' என்று எழுதிய பலகைக்குக் கீழே நான் நிற்பேன். அந்தப் பக்கமாக வரும் சூப்பர்வைசர், "லைன்ல ஆளே இல்ல சிஸ்டர், கொஞ்சம் பாத்துப் போட்டு அனுப்புங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கும் அப்படித்தான்.

ஷிஃப்ட் தொடங்குமுன் ஒவ்வொரு லைனிலும் எல்லோரையும் நிற்கவைத்து ஐந்து நிமிடம் பேசுவது வழக்கம். அந்த வாரம் பேசச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் எனக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னேன். "காய்ச்சல் மாத்திரை போட்டா முக்கால் மணி நேரத்துல சூடு இறங்கிடும். இறங்கிடுச்சேன்னு வேலைக்கு வந்துடாதீங்க. நோய் உள்ளயேதான் இருக்கும், பக்கத்துல இருக்குறவங்களுக்கு ஒட்டும்." நன்றாகப் பேசினேன் என்று ஹெச்.ஆர். சார் கைகூடத் தட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நான் கெட்டது எனக்கே தெரியவில்லை.

அங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் ஆள், வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம், முப்பதை நெருங்கும் வயது. காய்ச்சல் எல்லாம் தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் மத்தியானம் மயக்கம் என்று வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "நாலு மாசம் சிஸ்டர்" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு தடவை கலைந்துபோய் இது மூன்றாவது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதிவேட்டை எடுத்தேன். கர்ப்பம் என்று யாராவது சொன்னால் அதில் எழுதி ஹெச்.ஆருக்கு அனுப்ப வேண்டும், அதுதான் விதி.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்க சிஸ்டர். கம்பெனி ரோலுக்கு என் பேரு போயிகீது. லிஸ்ட்டு வர்ற வரைக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா கான்ட்ராக்டர் இன்னிக்கே வூட்டுக்குப் போன்னுடுவாரு."

அவள் சொன்னது பொய்யில்லை. அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி ரோலில் நிரந்தரமாகிவிட்டால் அவளுக்குப் பிரசவ லீவு உண்டு, திரும்பி வர வேலை உண்டு. உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆபத்து ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவை மூடி வைத்தேன். "லிஸ்ட் வந்த மறுநாள் நீயே போய்ச் சொல்லணும்" என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஃப்ளூ பரவத் தொடங்கியதும் எனக்கு முதலில் அவள் நினைவுதான் வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் சீக்கிரம் நெஞ்சுக்கு இறங்கிவிடும், அதற்கான மருந்தை முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்பு லேசாச் சுட்டாலும் அன்னிக்கே எங்கிட்ட வா, ஒரு நாள்கூடத் தள்ளாதே" என்று எச்சரித்தேன். தலையாட்டினாள். அதிலிருந்து தினமும் கேட்டில் அவளுக்கு மட்டும் இரண்டு முறை சூடு பார்ப்பேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டரை. பெருமாளே என்று அனுப்பிவைப்பேன். துப்பாக்கி காட்டிய எண்ணை நம்பினேன். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான நெற்றிகள் வரிசையாக வரும்போது முகத்தை எங்கே பார்ப்பது?

எனக்கு வீடு வாலாஜாபாத். தினமும் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போவேன். ஒரு புதன்கிழமை அது கிளம்ப மறுத்ததால் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். நான் ஏறியதும் பஸ்ஸே ஒரு நிமிடம் அமைதியானது. வாத்தியார் வகுப்புக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

ஏரிக்கரை வளைவில் ஏறுவதற்கு யாருமே இல்லை. ஆனாலும் டிரைவர் பழக்க தோஷத்தில் வண்டியை ஓரங்கட்டினார். கட்டிய பிறகுதான் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். யாரும் அசையவில்லை. கடைசி சீட்டில் அதுவரை தூங்கிக்கொண்டு வந்தவர் ஒருவர் எழுந்து, நான் இருப்பது தெரியாமல், உரக்கக் கூவினார்.

"மாத்திர ஸ்டாப்பு வந்துடுச்சி! யாருக்குப்பா வோணும்? ஒண்ணு உள்ள போட்டீங்கனா கேட்டுக்குப் போறதுக்குள்ள கரீட்டா முக்கா மணி நேரம். சிஸ்டரு கணக்கு!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் மாத்திரை அட்டையும் மறு கையில் தண்ணீர்க் கேனும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று ஒரு பை நிறைய பன் வேறு வாங்கி வைத்திருந்தார்கள். அதுவும் நான் சொன்னதுதான். நான் சொன்னதில் எதையும் அவர்கள் கேட்காமல் இல்லை. பிழைப்புக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சல் உள்ளவர்கள் எல்லோரும் அந்த வளைவில் மாத்திரை போட்டு, என் துப்பாக்கிக்கு முன்னால் ஆறிப்போன நெற்றியோடு நின்று, உள்ளே போய்ப் பத்தரை மணிக்கு மேல் மீண்டும் கொதித்திருக்கிறார்கள்.

அப்போதுதான் இரண்டு சீட் தள்ளி ஜன்னலோரம் அவளைப் பார்த்தேன். துப்பட்டாவைத் தலையோடு போர்த்தியிருந்தாள். மடியில் பாதி பன். உள்ளங்கையில் மாத்திரை.

எழுந்து போய் அவள் கழுத்தில் கைவைத்தேன். அனலாக இருந்தது.

"எத்தன நாளா?"

"மூணு நாளு... நாலு இருக்கும் சிஸ்டர்."

"நேத்து நான்தானே பாத்தேன், ரெண்டு வாட்டி பாத்தேனேடி!"

"நீங்க பாப்பீங்கன்னுதான் ரெண்டு மாத்திரயா போட்டுகினு வந்தேன்" என்றாள். ஒரு வாக்கியம் சொல்ல நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். "கோச்சிக்காதீங்க. லிஸ்ட்டுக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் கீது. ஆப்சென்ட் வியுந்தா பேர எட்த்துடுவாங்க."

அவள் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கி எறியத்தான் தோன்றியது. ஆனால் வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சூட்டையும் விட முடியாது. கேனிலிருந்து தண்ணீரை ஊற்றி நானே அவளுக்குக் கொடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு விழுங்கினாள். நான் மனம் இரங்கிவிட்டேன், கேட்டைத் தாண்டி விட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஒரகடம் வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். அவள் விலாவின் ஏற்ற இறக்கத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

கேட்டில் இறங்கியதும் கம்பெனி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். செக்யூரிட்டி துப்பாக்கியை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நார்மலாதான் கீது சிஸ்டர், ஏன் அனுப்புறீங்க?" என்றார். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"சிஸ்டர், வேணாம் சிஸ்டர்" என்று அவள் என் முந்தானையைப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் படியில் ஏறவே அவளால் முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அட்மிஷன் சீட்டு எழுதும்போது கேட்டார்கள். ஐந்து மாதம் என்று சொன்னேன். சொல்லாமல் என்ன மருந்து கொடுப்பார்கள்? அந்தச் சீட்டின் ஒரு நகல் மத்தியானமே ஹெச்.ஆர். மேஜைக்குப் போய்விட்டது.

நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். முதல் இரண்டு நாள் டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். ஒசூரிலிருந்து ஓடி வந்து வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். "நீங்க இல்லன்னா இன்னா ஆயிருக்கும் சிஸ்டர்" என்று என்னைக் கும்பிட்டான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வார்டு நர்ஸிடம் முதலில் குழந்தையின் துடிப்பைத்தான் கேட்பேன். இருக்கிறது, இருக்கிறது என்பாள். நான்காம் நாள் மூச்சு சீரானது. இரண்டு உயிரும் பிழைத்தன. அதுவரை எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டிருந்தேன், மாதாவுக்கும் சேர்த்து.

மறுநாள் நான் அங்கே இருக்கும்போதே ஹெச்.ஆர். சாரும் கான்ட்ராக்டரின் ஆளும் ஒரு பை ஆப்பிளோடு வந்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஹெச்.ஆர். சார் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"கன்சீவ் ஆனத மறைச்சு வேலை செஞ்சிருக்கே. ஏதாவது ஆயிருந்தா யாருமா பொறுப்பு? மெடிக்கல் ரூம்லயாவது சொன்னியா? சொல்லியிருந்தா அது வேற மாதிரி. மறைச்சதா ஆகாது."

அவள் சொல்லியிருந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அவள் ஆமாம் என்றால் அவள் பிழைப்பாள். பதிவேட்டில் எழுதாமல் விட்ட நான் வீட்டுக்குப் போவேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒருத்தி காலேஜில் படிக்கிறாள். அந்த ஒரு நொடிக்குள் நான் இதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டேன் என்பதுதான் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துச் சொன்னாள்.

"இல்ல சார். யாருக்கும் தெரியாது. சிஸ்டருக்கும் தெரியாது. பஸ்ல வர்றப்போதான் தெரியும்."

ஹெச்.ஆர். சார் என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே சிஸ்டர்?" என்றார்.

நான் தலையாட்டினேன். வாயால்கூடச் சொல்லவில்லை. உண்மையை மறைத்ததாகவும் வேலையை விட்டு விலகுவதாகவும் எழுதியிருந்த அந்தக் காகிதத்தைக் கான்ட்ராக்டரின் ஆள் நீட்டினான், அவள் டிரிப் ஏறும் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். அவர்கள் போன பிறகு, "ஒரு மாசமா வெளிய சொல்லாம வெச்சிருந்தீங்க. அதுக்கு நான் வேற இன்னா பண்ணுவேன்?" என்றாள். ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏரிக்கரையில் பஸ் நிற்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மாத்திரை கொடுத்தவருக்கு மெமோ. மறுபடியும் என்னை ஒவ்வொரு லைனாக அனுப்பிப் பேசச் சொன்னார்கள். இந்த முறை முக்கால் மணி நேரக் கணக்கைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னேன். எல்லோரும் தாடை மாஸ்க்கோடு கேட்டுக்கொண்டு நின்றார்கள். லீவு கொடுக்கச் சொல்லி நான் ஒரு கடிதமும் எழுதினேன். காய்ச்சல் வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மூன்று நாளாவது ஆப்சென்ட் போடாமல் விட்டால் ஒருவனும் மாத்திரை போட்டு ஏமாற்ற மாட்டான் என்று எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். மழை நின்றது, காய்ச்சலும் குறைந்தது, துப்பாக்கி ஸ்டோருக்குப் போனது. ரோல் லிஸ்ட் சொன்ன தேதியில் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. துணியில் சுற்றிய குழந்தை, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தது. கீழே அவள் குரல். "சிஸ்டர், பொண்ணு பொறந்துகீது. ரெண்டே முக்கா கிலோ. நல்லாகீறா." அறையில் யாரும் இல்லை, அழுதேன். நிம்மதியில்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் இன்னொரு குரல் செய்தி வந்திருந்தது. "சிஸ்டர், கம்பெனில ஆளு எடுக்குறாங்கன்னு பேசிக்கிறாங்க. கொயந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் நான் வர்லாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா எட்த்துப்பாங்களா?"

ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அன்று காலையில்தான் புதிதாக வந்த பெண்களுக்கு நான் மெடிக்கல் பார்த்து முடித்திருந்தேன். உண்மையை மறைத்தவர்களைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருப்பதும், அதில் அவள் பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தையும் என்னிடம் இருந்தது. ஹெச்.ஆர். அறை நான்கு கதவு தள்ளித்தான்.

உட்கார்ந்த இடத்திலேயே டைப் செய்தேன். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடு. சளி, இருமல் உள்ளவர்கள் கையில் கொடுக்காதே. தடுப்பூசியைத் தேதி தவறாமல் போடு. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உடனே பதில் வந்தது. "அப்டியே செய்றேன் சிஸ்டர்."